கித்தார் மேதை தாரெகா



சில ஆண்டுகளுக்கு முன்பு நோக்கியா கைப்பேசி எல்லாரிடமும் இருந்தது. பெரட்டுக்களத்தில் ஒருவருடைய பேசி ஒலித்தால் பத்துப் பேர் தத்தம் சட்டைப் பையைத் தடவிப் பார்ப்பார்கள். எல்லாப் பேசிகளுக்கும் ஒரே ஒலி. 1994-ஆம் ஆண்டு முதல் உலகெங்கும் கைப்பேசிகளில் கேட்ட அந்தச் சிறிய இசைத் துணுக்கு, 1902-ஆம் ஆண்டில் கித்தாருக்கென்று இயற்றப்பட்ட ‘கிரான் வால்ஸ்’ என்னும் நடன இசையின் ஒரு பகுதியாகும். அதனை இயற்றியவர் ஸ்பெயின் நாட்டைச் சேர்ந்த பிரான்சிஸ்கோ தாரெகா என்பவர். கோடிக்கணக்கான மக்களின் காதில் விழுந்த இசைக்கு உரியவராகிய அவர், தம் வாழ்நாளில் நண்பர் வீட்டுக் கூடத்தில் ஒரு சிலர் நெருங்கி அமர்ந்து கேட்க வாசிப்பதையே பெரிதும் விரும்பினார். அவரது வரலாற்றை இவ்வாண்டு மலரில் உங்களுக்குக் கூற விழைகின்றேன்.

ஸ்பெயினின் கிழக்குக் கடற்கரைப் பகுதியில் வில்லாரியல் என்றோர் ஊர் உள்ளது. அங்கு 1852-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 21-ஆம் நாள் தாரெகா பிறந்தார். தந்தையார் சான் பஸ்குவால் என்னும் கிறிஸ்துவ மடத்தில் காவற்காரராகப் பணிபுரிந்தார். செல்வம் இல்லாத குடும்பம். ஆயினும் அவ்வீட்டில் ஒரு கித்தார் இருந்தது. தந்தையார் ஓய்வு நேரத்தில் அதனை மீட்டுவார். அவர் காவலுக்குச் சென்ற பின்னர், மகன் அதனை எடுத்துத் தான் கேட்ட ஓசைகளை வரவழைக்க முயல்வானாம்.

தாரெகா சிறு குழந்தையாக இருந்தபோது ஒரு விபத்து நேர்ந்தது. தன்னைப் பார்த்துக்கொண்டிருந்த பணிப்பெண்ணிடமிருந்து ஓடிய குழந்தை, வயலுக்கு நீர் செல்லும் வாய்க்காலில் விழுந்துவிட்டது. உயிர் பிழைத்தது, கண்கள் கெட்டன. பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுப் பால்மரம் வெட்டச் சென்ற நம் தாய்மார்களுக்கு, அந்தப் பெற்றோரின் மனநிலையை நான் விளக்க வேண்டியதில்லை.

மகன் முற்றிலும் பார்வை இழந்துவிடுவானோ என்று தந்தையார் அஞ்சினார். பார்வை இல்லாதவன் என்ன தொழில் செய்து பிழைப்பான் என்று எண்ணிப் பார்த்தார். இசை ஒன்றே அவருக்கு வழியாகத் தோன்றியது. ஆகவே, குடும்பத்தோடு அருகிலுள்ள காஸ்தெல்யோன் நகருக்குக் குடிபெயர்ந்து, மகனை இசை வகுப்பில் சேர்த்தார். தாரெகாவின் முதல் ஆசிரியர்களான எவுகேனி ரூயிஸ், மனுவேல் கொன்சாலெஸ் ஆகிய இருவருமே கண்பார்வை அற்றவர்கள். தம் மகனுக்கு வரக்கூடும் என்று அஞ்சிய நிலையிலேயே வாழ்ந்து, இசையால் உண்டு உடுத்திய இருவரிடம் அத்தந்தை தம் மகனை ஒப்படைத்தார். பின்னாளில் தாரெகா பெற்ற புகழைவிட அக்காவற்காரர் எடுத்த இம்முடிவே எனக்குப் பெரிதாகத் தோன்றுகின்றது. நல்லூழாக, மகனின் பார்வை முழுவதும் போகவில்லை. எனினும் கண் உபாதை அவரை விட்டு நீங்கவும் இல்லை.

1862-ஆம் ஆண்டில் ஹூலியான் ஆர்காஸ் என்னும் புகழ்பெற்ற கித்தார் கலைஞர் காஸ்தெல்யோனுக்கு வருகை தந்தார். சிறுவனின் வாசிப்பைக் கேட்டு, பார்சிலோனா நகருக்கு அனுப்பினால் தாமே கற்பிப்பதாகக் கூறினார். தந்தையார் இசைந்தார், ஆனால் மகன் பியானோவையும் சேர்த்துக் கற்கவேண்டும் என்று நிபந்தனை விதித்தார். அதற்குக் காரணம் இருந்தது. அக்காலத்தில் கித்தார் என்பது பாடுவோருக்குப் பின்னணியாக ஒலிக்கும் கருவியாகவும் மதுக்கடைப் பொழுதுபோக்காகவுமே எண்ணப்பட்டது. பியானோ தெரிந்தவனுக்கு எங்கும் சோறு கிடைக்கும்.

ஆனால் ஆர்காஸ் விரைவிலேயே வெளிநாட்டுக் கச்சேரிகளுக்குப் புறப்பட்டுவிட்டார். பாடம் நின்றது. பத்து வயதுப் பையன் என்ன செய்தான் தெரியுமா? தங்கியிருந்த இடத்தை விட்டு ஓடிப்போய், பார்சிலோனாவின் காப்பிக் கடைகளிலும் உணவகங்களிலும் கித்தார் வாசித்துக் காசு ஈட்டலானான்! தந்தையார் தேடிப் பிடித்து அழைத்து வந்தார். 1865-இல் மீண்டும் ஓடினான். இம்முறை வலென்சியா நகரில் நாடோடிக் கூட்டத்தார் சிலரோடு சேர்ந்து திரிந்தான். மறுபடியும் தந்தையார் சென்று மீட்டு வந்தார். மூன்றாம் முறையும் ஓடினான். மாணவர்களே, இதனை உங்களுக்கு முன்மாதிரியாக நான் எழுதவில்லை! ஒவ்வொரு முறையும் வேலையைப் போட்டுவிட்டு மகனைத் தேடி அலைந்த அந்த ஏழைத் தந்தையை நினைத்துப் பாருங்கள்.

பின்னர் தாரெகா தாமாகவே வீடு திரும்பிக் குடும்பத்துக்கு உதவத் தொடங்கினார். புரியானா என்னும் ஊரில் ஒரு மன்றத்தில் பியானோ வாசிக்கும் வேலை கிடைத்தது. அவ்விடத்தில் அந்தோனியோ கானெசா என்ற வணிகர் அவரது திறனைக் கண்டு ஆதரவு நல்கினார். அவருடைய உதவியாலேயே தாரெகாவிற்கு ஒரு சிறந்த கித்தார் கிட்டியது. அது செவில் நகரில் அந்தோனியோ தெ தொர்ரேஸ் என்பவர் 1864-இல் செய்தது.

இந்தத் தொர்ரேஸ் பற்றிச் சற்றுக் கூறியாக வேண்டும். தச்சுத் தொழிலிலிருந்து கித்தார் செய்ய வந்தவர் அவர். கித்தாரின் உடலைப் பெரிதாக்கினார். மேற்பலகையை மெல்லியதாக இழைத்து, அதன் உட்புறத்தில் விசிறிபோல் விரியும் மரச்சட்டங்களை ஒட்டினார். ஒலி பிறப்பது மேற்பலகையிலேதான் என்பது அவர் கொள்கை. அதனை மெய்ப்பிப்பதற்காக 1862-இல் முதுகையும் பக்கங்களையும் வெறும் காகித அட்டையாலேயே அமைத்து ஒரு கித்தாரைச் செய்தார். அவ்வட்டைக் கித்தார் பார்சிலோனாவின் இசை அருங்காட்சியகத்தைச் சேர்ந்துள்ளது. இன்று நாம் காணும் கித்தாரின் உருவம் பெரும்பாலும் தொர்ரேஸ் வகுத்ததே. கருவியைத் திருத்தியவர் தொர்ரேஸ். அதனை வாசிக்கும் முறையைத் திருத்தியவர் தாரெகா. இருவரும் ஒரே காலத்தில் வாழ்ந்தது கித்தார் செய்த புண்ணியம் எனலாம்.

1874-இல் தாரெகா மத்ரித் நகரிலிருந்த இசைக் கல்லூரியில் சேர்ந்தார். பியானோவில் தேர்ந்து வாழ்க்கையை உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் அப்போதும் அவருக்கு இருந்தது. அங்கே இசையமைப்புக் கற்பித்த எமிலியோ அர்ரியேத்தா அவரது கித்தார் வாசிப்பைக் கேட்டு, பியானோவை விட்டுக் கித்தாரையே பற்றிக்கொள்ளுமாறு அறிவுறுத்தினார். தந்தையின் சொல்லுக்கும் ஆசிரியரின் சொல்லுக்கும் இடையே தாரெகா ஆசிரியர் சொல்லைத் தேர்ந்தார். ஆயினும் தந்தையார் வற்புறுத்திக் கற்பித்த பியானோ வீண்போகவில்லை. பாக், ஷோப்பன், ஷூமன், மென்டல்சன் முதலியோர் பிற கருவிகளுக்கென எழுதியவற்றை அவர் கித்தாரின் ஆறு தந்திகளுக்கு ஏற்றவாறு மாற்றி எழுதினார். பத்து விரல்கள் செய்யும் வேலையை ஆறு தந்திகளில் அடக்குவது எளிதன்று. இவ்வாறு அவர் மாற்றி எழுதியவை நூற்றுக்கும் மேற்பட்டவை.

1880-களின் தொடக்கத்தில் அவர் பாரிஸ், இலண்டன் முதலிய நகரங்களில் வாசித்தார். இலண்டன் நகரின் மழையும் குளிரும் மொழியும் அவருக்குப் பிடிக்கவில்லை. அங்கே ஒருநாள் அவர் வாடியிருந்ததைக் கண்ட நண்பர்கள், அம்மனவருத்தத்தையே இசையாக்குமாறு கூற, ‘லாக்ரிமா’ பிறந்தது என்று சொல்வர். ஸ்பானிய மொழியில் ‘கண்ணீர்த்துளி’ என்று பொருள். கித்தார் பயிலத் தொடங்கிய பிள்ளைகளும் ஓரளவு பழகியதும் வாசிக்கக்கூடிய சிறு இசை அது.

நொவெல்டா என்ற ஊருக்கு நண்பர் ஒருவருக்குப் பதிலாக வாசிக்கச் சென்றபோது, அவ்வூர்ப் பெரியவர் ஒருவர் கித்தார் பயின்றுவந்த தம் மகளின் வாசிப்பைக் கேட்குமாறு வேண்டினார். அப்பெண் மரியா ஹோசே ரீசோ. சில காலத்தில் இருவருக்கும் திருமணம் நடந்தது. மத்ரித்தில் பாடம் சொல்லிக்கொடுத்தும் கச்சேரி செய்தும் வாழ்ந்தனர். ஒரு குளிர்காலத்தில் அவர்களுடைய பச்சிளம் பெண் குழந்தை இறந்தது. அந்நகரில் இருக்க மனமின்றி 1885-இல் பார்சிலோனாவில் குடியேறினர்.

அங்கேதான் அவரது வாழ்வின் சிறந்த பகுதி தொடங்கியது. ஐசக் அல்பேனிஸ், என்ரிக்கே கிரானாதோஸ், பாப்லோ கசால்ஸ் ஆகிய பெருங்கலைஞர்கள் அவருடைய நண்பர்களாயினர். வசதி படைத்த ஒரு விதவைப் பெண்மணி குடியிருக்க வீடு தந்து உதவினார். மாணவர்கள் தேடி வந்தனர். கச்சேரி அரங்குகளில் வாசித்தாலும், தாரெகாவின் உள்ளம் நாடியது வீட்டுக் கூடங்களையே. மாலையில் நண்பர்களும் மாணவர்களும் வந்து அமர்வார்கள். விளக்கைச் சுற்றி ஒரு வட்டம், நடுவில் தாடி வைத்த கலைஞர், மடியில் கித்தார்.

ஏன் இவ்வாறு விரும்பினார்? கித்தாரின் ஒலி சிறியது. ஆயிரம் பேர் அமரும் அரங்கில் கடைசி வரிசைக்கு அது எட்டாது. ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. நம் தோட்டத் திருவிழாக்களில் ஒலிபெருக்கிக் குழாய்களைத் தென்னை மரத்தில் கட்டி நான்கு மைலுக்குக் கேட்கச் செய்து பழகிய நமக்கு, மூச்சை அடக்கிக்கொண்டு கேட்கவேண்டிய இசை வியப்பாகத்தான் இருக்கும். வீணையை அருகிலிருந்து கேட்டவர்கள் நான் சொல்வதை உணர்வார்கள்.

தாரெகாவோ, சிறிய அவ்வொலியை மேலும் மென்மையாக்கினார். நகத்தால் தந்தியைத் தெறித்தால் ஓசை உரத்துக் கேட்கும். அவரும் நெடுங்காலம் அப்படித்தான் வாசித்தார். சுமார் 1902-ஆம் ஆண்டில், தம் ஐம்பதாம் வயதளவில், நகங்களை ஒட்ட வெட்டிவிட்டு விரல் நுனியின் சதையாலேயே மீட்டத் தொடங்கினார். கைவந்த முறையை அவ்வயதில் விட்டு, மாணவன்போல் மீண்டும் பழகினார். ஒலியின் அளவு குறைந்தது, இனிமை கூடியது. பெரிய அரங்குகளை ஆள நினைப்பவர் செய்யும் காரியமன்று இது. இம்முறை சரியா தவறா என்று கித்தார் கலைஞர்கள் வெகுகாலம் வழக்காடினர். பிற்காலத்தில் பெரும்பாலோர் நகத்தோடு வாசிக்கும் வழக்கத்தையே மேற்கொண்டனர்.

இடக்காலைச் சிறு மணைமேல் உயர்த்தி, இடத்தொடையில் கித்தாரை நிறுத்தி வாசிக்கும் முறையைப் பலரும் கைக்கொள்ளச் செய்தவரும் அவரே. ஒரு தந்தியை மீட்டிய விரல் அடுத்த தந்தியில் சாய்ந்து நிற்கும் முறையும் அவர் பள்ளியால் பரவியது.

அவருடைய இசைகளுள் தலையாயது ‘அல்ஹம்ப்ரா நினைவுகள்’. கிரானாடா நகரில் முஸ்லிம் அரசர்கள் கட்டிய எழில்மிகு அரண்மனையே அல்ஹம்ப்ரா. அதன் முற்றங்களில் நீரூற்றுகள் உண்டு. 1899-ஆம் ஆண்டைச் சேர்ந்த இவ்விசையில் ஒரு நுட்பம் அமைந்துள்ளது. வயலினில் வில்லை இழுக்கும்வரை ஒலி நீளும். கித்தாரிலோ தெறித்தவுடன் ஒலி தேயத் தொடங்கும். எனவே, மோதிர விரல், நடுவிரல், சுட்டுவிரல் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே தந்தியை விரைந்து மீட்டிக்கொண்டேயிருக்க, பெருவிரல் கீழ்ச்சுரங்களைத் தனியே வாசிக்கும். கேட்போருக்கு ஒலி அறுபடாது ஓடும் நீர்போல் தோன்றும். இரண்டு பேர் வாசிப்பதாகவே எண்ணுவர்.

1906-ஆம் ஆண்டு ஜனவரியில் தாரெகாவின் வலப்புறத்தைப் பக்கவாதம் தாக்கியது. மேற்கூறிய அத்தனை விரல்களும் வலக்கை விரல்களே. விடாது பயின்று ஓரளவு மீண்டு மறுபடியும் மேடையேறினார் எனினும், பழைய வலிமை முழுவதும் திரும்பவில்லை. கற்பிப்பதும் எழுதுவதும் தொடர்ந்தன. 1909-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் ‘ஓரேமுஸ்’ என்னும் சிறு இசையை முடித்தார். இலத்தீன் மொழியில் அச்சொல்லுக்கு ‘வேண்டுவோம்’ என்பது பொருள். பதின்மூன்று நாட்களுக்குப் பின், டிசம்பர் 15-ஆம் நாள், பார்சிலோனாவில் காலமானார். அவருக்கு வயது 57.

அவ்வாண்டில் அந்திரேஸ் செகோவியா என்ற பதினாறு வயது இளைஞர் தாரெகாவைச் சந்திக்க ஆவல் கொண்டிருந்தார். அதற்குள் மரணச் செய்தி வந்துவிட்டது. பின்னர் தாரெகாவின் மாணவரான மிகேல் யோபெத்திடம் பழகி, ஆசானின் இசையை அவர் வழியாக அறிந்துகொண்டார். இந்தச் செகோவியாதான் பிற்காலத்தில் உலகின் மாபெரும் அரங்குகளில் கித்தாரைத் தனியொரு கருவியாக ஒலிக்கச் செய்தவர். 1902-இல் பதினாறு வயதில் மாணவராக வந்து சேர்ந்த எமிலியோ புஹோல், முதியவரான பின் தம் ஆசிரியரின் வரலாற்றை நூலாக எழுதி 1960-இல் வெளியிட்டார்.

1915-ஆம் ஆண்டில் தாரெகாவின் உடல் எச்சங்கள் பார்சிலோனாவிலிருந்து காஸ்தெல்யோனுக்குக் கொண்டு செல்லப்பட்டு அங்கு அடக்கம் செய்யப்பட்டன. கண் போய்விடுமோ என்ற அச்சத்தோடு ஒரு காவற்காரர் தம் மகனை இசை வகுப்புக்கு அழைத்துச் சென்ற அதே ஊர் அது.