சிறுவனுக்காக வளைந்த விதி

போலந்தின் லுப்ளின் நகரில், 1835-ம் ஆண்டு, ஒரு டாக்டரின் மகனாகப் பிறந்தவர் ஹென்றிக் வீனியாவ்ஸ்கி.

8 வயதில் வயலினுடன் பாரிஸ் இசைக் கல்லூரிக்கு வந்தான் சிறுவன். சேர வயது போதாது, பிரெஞ்சுக்காரனும் அல்ல. விதி குறுக்கே நின்றது. ஆனால் அவன் திறமையைக் கண்டு விதியைத் தளர்த்தினார்கள். 11 வயதில் அங்கே முதல் பரிசு பெற்றான்!

வளர்ந்தபின் ஐரோப்பா, அமெரிக்கா எங்கும் புகழ் பரவியது. இதய நோய் வாட்டியது. 1878-ல் பெர்லின் கச்சேரி நடுவில் நோய் தாக்கியது. அப்படியும் ரஷ்யாவுக்குக் கச்சேரி செய்யக் கிளம்பினார். 1880-ல், 44 வயதில், மாஸ்கோவில் காலமானார்.

அவருடைய நூற்றாண்டை ஒட்டி, 1935-ல் வார்சாவில் அவர் பெயரால் சர்வதேச வயலின் போட்டி நடந்தது. ரஷ்ய மேதை டேவிட் ஆய்ஸ்ட்ராக்குக்கு இரண்டாம் பரிசுதான். முதல் பரிசு யாருக்கு? அதே பாரிஸ் கல்லூரியில் படித்த 15 வயதுச் சிறுமி ஜினெட் நெவுவுக்கு!