மூச்சில் கலந்த கதிர்

பள்ளி நாளில் ஒரு பேச்சுப் போட்டியில் மேரி கியூரி அம்மையாரைப் பற்றிப் பேசினேன். அவர் கண்டுபிடித்த ரேடியமே அவர் உயிரைக் குடித்தது என்று முழங்கினேன். கைதட்டல் கிடைத்தது; பரிசும் கிடைத்தது. கல்லூரிக்கு வந்து இயற்பியல் பயின்ற பின்னரே, அன்று நான் சொன்னது முழு உண்மை அன்று என அறிந்தேன். அந்தக் கடனைத் தீர்க்கவே இக்கட்டுரை.

போலந்தின் வார்சா நகரில் 1867 நவம்பர் 7ஆம் நாள் பிறந்தார் மரியா. பத்து வயதில் தாயைக் காசநோய்க்குப் பறிகொடுத்தார். ரஷ்ய ஆட்சியில் இருந்த அந்நகரில் பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு திறக்கவில்லை. அக்காள் பாரிஸில் மருத்துவம் படிக்க, தாம் பிறர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிப் பணம் அனுப்பினார். 1891இல் தாமும் பாரிஸ் சென்றார். 1893இல் இயற்பியல் தேர்வில் முதலிடம் பெற்றார். 1895இல் பியர் கியூரியை மணந்தார்.

1898இல் இருவரும் பொலோனியம், ரேடியம் எனும் இரு தனிமங்களை அறிவித்தனர். ஆனால் ரேடியத்தைப் பிரித்துக் காட்டினால்தானே உலகம் நம்பும்! மழைக்கு ஒழுகும் கொட்டகையில் டன் கணக்கான தாதுக் கழிவைக் காய்ச்சிக் காய்ச்சி, 1902இல் ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு ரேடியம் குளோரைடைப் பிரித்தார் அம்மையார். நச்சுப்புகையை வெளியேற்ற அங்கே புகைபோக்கி இல்லை. தூசியும் வாயுவும் மூச்சோடு உள்ளே சென்றன.

உள்ளே சென்றவை என்ன ஆகும்? பெரிய துகள்கள் மூக்கிலும் தொண்டையிலும் சிக்கி, சளியோடு விழுங்கப்பட்டு வயிற்றை அடையும். நுண்துகள்களோ நுரையீரலின் காற்றறைகள் வரை செல்லும். கரையக்கூடிய உப்பாயின் இரத்தத்தில் கலக்கும். கரையாதது நெடுநாள் அங்கேயே தங்கும். ரேடியம் குணத்தில் கால்சியத்தை ஒத்தது. ஆகவே இரத்தத்தில் கலந்ததில் ஒரு பகுதியை உடல் எலும்பில் சேர்த்துவிடும். ரேடியத்திலிருந்து பிறக்கும் ரேடான் வாயுவில் பெரும்பகுதி வெளிமூச்சில் போய்விடும். ஆனால் அது சிதைந்து உண்டாகும் திண்ம அணுக்கள் மூச்சுக்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். ஒரு தாள் தடுத்துவிடும் ஆல்பா துகள், உள்ளே சென்றபின் உயிரணுக்களையே தாக்கும்.

இந்த ஆபத்தை அவர்கள் அறவே அறியாதவர்கள் அல்லர். 1904இல் பியரும் இரு மருத்துவ அறிஞர்களும் எலிகளையும் கினிப் பன்றிகளையும் ரேடான் கலந்த காற்றைச் சுவாசிக்கச் செய்தனர். அவை இறந்தன, நுரையீரல்களில் இரத்தம் கட்டியிருந்தது. ஆயினும் கொட்டகையின் காற்று தம்மையும் அவ்வாறே தொடும் என்பதை அவர்கள் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை.

1903இல் நோபல் பரிசு வந்தது. 1906இல் குதிரை வண்டியில் அடிபட்டுப் பியர் மாண்டார். கலங்கிய அம்மையார் கணவரின் பேராசிரியர் பணியை ஏற்றார். 1911இல் இரண்டாம் நோபல் பரிசையும் பெற்றார். முதல் உலகப் போரில் எக்ஸ்-கதிர்க் கருவி பொருத்திய வண்டிகளோடு போர்முனைக்கே சென்று காயமுற்றோருக்கு உதவினார். தக்க மறைப்பின்றி அக்கதிர்களின் நடுவே நின்றார். 1934 ஜூலை 4இல், இரத்த அணுக்களை உண்டாக்கும் எலும்பு மச்சை செயலிழந்த நோயால் மறைந்தார்.

1995இல் அவரது உடலைப் பாரிஸின் பாந்தியோனுக்கு மாற்றப் பேழையைத் திறந்தபோது அளந்து பார்த்தனர். ரேடியத்தின் அரை ஆயுள் 1600 ஆண்டுகள்; எனவே எலும்பில் பெருமளவு சேர்ந்திருந்தால் காட்டியிருக்கும். அளவோ அதிகமில்லை. மூச்சில் சென்ற ரேடியத்தைவிடப் போர்க்கால எக்ஸ்-கதிர்களே நோய்க்குக் காரணமாயிருக்கலாம் என்று பிரெஞ்சுக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு வல்லுநர்கள் கருதினர்.

ஆக, புகழ் தேடித்தந்த ரேடியத்தைவிட, அடிபட்ட வீரர்களுக்குச் செய்த தொண்டே அவரை மாய்த்திருக்கக்கூடும். இதைப் பேசியிருந்தால் அன்று எனக்குப் பரிசு கிடைத்திருக்குமோ, என்னவோ! நண்பர்களே, ஆய்வகத்தில் சன்னலைத் திறக்கச் சொல்லும் ஆசிரியரைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். அடுத்த முறை சிரிக்காமல் எழுந்து திறப்போம். அம்மையாருக்கு நாம் செய்யும் வணக்கம் அதுவே.