ஊருக்கே கல்லூரி கொண்டுவந்த வள்ளல்

கம்பைநல்லூரில் பஸ் ஏறித் தருமபுரிக்குப் படிக்கப் போகும் பிள்ளைகளில் பலருடைய தாய் தந்தையர் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. மாலையில் வீடு திரும்ப முடிவதால் துணிந்து அனுப்புகிறார்கள். பட்டணத்தில்தான் கல்லூரி என்றால் எத்தனை பேர் அனுப்புவார்கள்? அதுவும் பெண்ணை?

இதை அன்றே உணர்ந்து, கைப்பொருளை அள்ளிக் கொடுத்தவர் டாக்டர் அழகப்பச் செட்டியார்.

அன்றைய ராமநாதபுரம் ஜில்லா கோட்டையூரில் 1909-ல் பிறந்தார். லேவாதேவியும் வியாபாரமும் குலத்தொழில். அவரோ சென்னை மாநிலக் கல்லூரியில் எம்.ஏ. தேறி, லண்டன் சென்று பாரிஸ்டர் படிப்பும் முடித்தார். விமானம் ஓட்டவும் கற்றார்! பிறகு நூல் ஆலை முதலிய தொழில்களில் பெரும் பொருள் சேர்த்தார்.

1947 ஜூலையில் சென்னையில் ஒரு கூட்டம். வெளியூர்களில் கல்லூரி தொடங்கச் செல்வர்கள் முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டார், பல்கலைக் கழகத் துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார். அங்கேயே எழுந்து லட்ச ரூபாய் தருவதாக அறிவித்தார் செட்டியார். மேடையில் சொல்லிவிட்டு வீட்டில் மறப்பவர்கள் உண்டு. இவர் அந்த ரகம் அல்ல. அடுத்த மாதமே காரைக்குடியில் வகுப்புகள் தொடங்கிவிட்டன. சொந்தக் கட்டிடம் எழும்பும் வரை காத்திருக்கவில்லை. காந்தி மாளிகையில் பாடம் நடந்தது.

பிறகு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, பொறியியல் கல்லூரி என்று வரிசையாக வந்தன. காரைக்குடிக்கு மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் வர, 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தார். 1948-ல் நேருஜி அடிக்கல் நாட்டினார். பெண்கள் கல்லூரிக்கு இடம் வேண்டியிருந்தது. தாம் குடியிருந்த மாளிகையையே கொடுத்துவிட்டார்!

நோயுற்றிருந்த அவர் 1957 ஏப்ரல் 5-ந் தேதி காலமானார். 48 வயது நிறைய ஒரே நாள் பாக்கி. 1985-ல் அவர் பெயராலேயே காரைக்குடியில் பல்கலைக் கழகம் ஏற்பட்டது.