டெர்சாகியும் உறைந்த மலை மண்ணும்

(மூன்றாம் ஆண்டு, சிவில்)

சாயில் மெக்கானிக்ஸ் என்றாலே நம்ம வகுப்பில் பாதிப் பேருக்கு வயிற்றைக் கலக்கும். அந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் ஒரே பெயர். பேரிங் கெப்பாசிட்டியா? டெர்சாகி. கன்சாலிடேஷனா? டெர்சாகி. யாருப்பா இந்த ஆள், நம்மைப் படுத்துவதற்கென்றே பிறந்தவரா என்று நானும் திட்டியிருக்கிறேன். அவர் வாழ்க்கையைப் படித்த பிறகு திட்ட மனசு வரவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

கார்ல் டெர்சாகி 1883 அக்டோபர் 2ந் தேதி பிராக் நகரில் பிறந்தார். அப்போது அது ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசைச் சேர்ந்த ஊர். அப்பா ராணுவ அதிகாரி. பிள்ளையையும் ராணுவப் பள்ளியில்தான் போட்டார்கள். பிறகு கிராஸ் நகரில் அவர் படித்தது என்ன தெரியுமா? மெக்கானிக்கல்! 1904ல் படிப்பை முடித்தார். (மெக்கானிக்கல் நண்பர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்!) ஆனால் மனசு முழுக்க நிலவியல். ராணுவ சேவையில் இருந்த ஒரு வருஷத்தில் ஆங்கில நிலவியல் கையேடு ஒன்றை ஜெர்மன் மொழியில் பெயர்த்து முடித்தார்.

வேலைக்குப் போன இடத்தில் அவரை உறுத்தியது ஒரே விஷயம். இரும்புக்குக் கணக்கு இருக்கிறது, கான்கிரீட்டுக்குக் கணக்கு இருக்கிறது, எல்லாவற்றையும் தாங்குகிற மண்ணுக்கு மட்டும் ஏன் இல்லை? விடை தேடி 1912ல் அமெரிக்கா போனார். அணை கட்டும் இடங்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கை நிறைய குறிப்புகள் கிடைத்தன, விடை கிடைக்கவில்லை. ஏமாற்றத்தோடுதான் திரும்பினார்.

அப்புறம் முதல் உலகப்போர். 1916ல் இஸ்தான்புல் நகரில் வாத்தியார் வேலை. போர் முடிந்ததும் அங்கேயே ராபர்ட் கல்லூரியில் சேர்ந்தார். லேப் என்று சொல்ல ஒன்றுமில்லை. சுருட்டுப் பெட்டிகளையும் கழித்துப் போட்ட சாமான்களையும் பொறுக்கி வந்து கருவி செய்துகொண்டார். நம்ம லேபில் அது இல்லை, இது இல்லை என்று புலம்புகிறோமே, கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது!

அந்தப் பெட்டிகளில் அவர் கண்டுபிடித்தது இதுதான். மண்மேல் விழும் பாரத்தைத் துகள்கள் மட்டும் சுமப்பதில்லை, துளைகளில் இருக்கும் தண்ணீரும் ஒரு பங்கு சுமக்கிறது. தண்ணீருக்கு வழுக்கலைத் தடுக்கும் சக்தி கிடையாது. ஆக, மொத்த அழுத்தத்தில் நீரழுத்தத்தைக் கழித்தால் மிஞ்சுவதே மண்ணின் உண்மையான பலம் – எஃபெக்டிவ் ஸ்ட்ரெஸ். ஒரு சின்னக் கணக்கு போடுவோம். மொத்தம் 100, நீரழுத்தம் 40 என்றால் மிச்சம் 60. உராய்வுக் கோணம் 30 டிகிரி என்று வைத்தால் மண் சுமார் 35 வரை எதிர்த்து நிற்கும். நீரழுத்தம் 90 ஆனால் மிச்சம் 10தான். எதிர்ப்பு 6க்கும் கீழே. அதே மண், அதே பாரம்! 1925ல் இதையெல்லாம் புத்தகமாக வெளியிட்டார். எம்.ஐ.டி., வியன்னா, கடைசியில் ஹார்வர்டு என்று அழைப்புகள் வந்தன. 1936ல் ஹார்வர்டில் நடந்த முதல் உலக மண் இயல் மாநாட்டுக்கு அவர்தான் தலைவர்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். 1942ல் அலாஸ்கா நெடுஞ்சாலை போட்டபோது, மேலே இருந்த பாசிப் படுகையை இயந்திரம் வைத்து வழித்து எடுத்தார்கள். அடியில் பாறை மாதிரி இருந்த உறைந்த மண் வெயில் பட்டு இளகி, வண்டிகள் சேற்றில் புதைந்தன. இப்படி வருஷக்கணக்கில் உறைந்தே கிடக்கும் மண்ணுக்குப் பெர்மாஃப்ராஸ்ட் என்று பெயர். 1952ல் டெர்சாகி இதைப் பற்றியே ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். அப்போது அவருக்கு வயது 68!

படித்ததும் எனக்குக் கை பரபரத்தது. ஈர வண்டல் மண்ணைத் தகர டப்பாவில் அடைத்து, டீக்கடை அண்ணனிடம் கெஞ்சி அவர் ஐஸ் பெட்டியில் ஒரு ராத்திரி வைத்தேன். காலையில் வெளியே எடுத்து மேலே செங்கல் வைத்தால் அசையவில்லை. அரை மணி நேரம் கழித்துக் கட்டை விரலை வைத்தேன், உள்ளே போய்விட்டது. நடுவில் இன்னும் ஐஸ் இருந்தது!

காரணம் இரண்டு. முதலாவது, உறைந்த மண்ணில் ஐஸ்தான் துகள்களை ஒட்டும் பசை. அது உருகுவதற்கு முன்பே தளர்ந்துவிடுகிறது. மைனஸ் 10 டிகிரியில் கல் மாதிரி இருக்கும் மண், மைனஸ் 1க்கு வந்தாலே பலத்தில் பெரும்பங்கை இழக்கும். துகளைச் சுற்றி உறையாத நீர்ப்படலம் பெருகிவிடும். இரண்டாவது, உருகும் வேகத்தில் தண்ணீர் வடியாவிட்டால் நீரழுத்தம் ஏறும். மேலே போட்ட அதே கணக்கு! 1971ல் மார்கன்ஸ்டர்ன், நிக்சன் என்ற இருவர் டெர்சாகியின் கன்சாலிடேஷன் சமன்பாட்டை உருகும் மண்ணுக்குப் பொருத்திக் காட்டினார்கள்.

அதைப் பார்க்க டெர்சாகி இல்லை. 1963 அக்டோபர் 25ந் தேதி காலமாகிவிட்டார். கனடா மலைப் பகுதியில் அவர் பாடுபட்ட மிஷன் அணைக்கு இன்று அவர் பெயர்தான்.

ஆனால் அவர் கணக்கு நம் நாட்டிலேயே உயிர்களைக் கேட்டது. 2023 அக்டோபர் 3ந் தேதி ராத்திரி, சிக்கிமில் தெற்கு லோனாக் ஏரிக்கரையில் பனியாறு விட்டுப்போன உறைந்த மண்மேடு சரிந்தது. அளவு சுமார் 1 கோடியே 47 லட்சம் கன மீட்டர். ஏரியில் 20 மீட்டர் உயர அலை எழுந்தது, கரை உடைந்தது, கீழே தீஸ்தா-3 அணை அடித்துச் செல்லப்பட்டது. ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பனியாறு பின்வாங்கியதும் உறைந்த மண் சூடேறித் தளர்ந்ததும் காரணம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

வழியே இல்லையா? இருக்கிறது. 2006ல் திறந்த திபெத் ரயில் பாதையில் கருங்கல் ஜல்லிக் கரையும், அமோனியா அடைத்த குழாய்களும் மண்ணைக் குளிராகவே வைக்கின்றன. சுவிட்சர்லாந்தில் கோர்வாட்ச் மலையில் 1987ல் துளை போட்டு, இன்றுவரை உள்வெப்பத்தை அளந்து வருகிறார்கள். கட்டிவிட்டு மறந்துவிடாதே, அளந்துகொண்டே இரு என்பதுதான் டெர்சாகியும் ஆயுசு முழுக்கச் செய்து காட்டியது.

நண்பர்களே, டிப்ளமோ முடித்து நம்மில் சிலர் எல்லைச் சாலைப் பணிக்கோ, இமயமலைச் சுரங்கத்துக்கோ போகலாம். அங்கே மண்வெட்டி போகாத மண்ணைப் பார்த்து, நல்ல கெட்டி மண் என்று கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். எதனால் கெட்டி என்று கேளுங்கள். அந்தப் பதில் ஐஸ் என்றால், தெர்மாமீட்டரை எடுங்கள். அந்தக் கையெழுத்துக்குக் கீழே ஒரு ஊரே தூங்கிக்கொண்டிருக்கும்!