கொள்ளைநோயின் நடுவே ஒரு தாய்
ஜெனோவா நகர்ப் புனித கத்தரீனம்மாள்

திருச்சபை வியாகுல மாதாவை நினைவுகூரும் செப்டெம்பர் 15ஆம் நாளிலேதான், 1510ஆம் ஆண்டு, இத்தாலி நாட்டின் ஜெனோவா நகரில் புனித கத்தரீனம்மாள் இறைவனடி சேர்ந்தார். உத்தரிக்கிற ஸ்தலத்தைப் பற்றிய அவரது போதனையைக் கேள்வியுற்றிருப்பீர்கள். அவர் ஒரு பெரிய வைத்தியசாலையைத் தலைமை தாங்கி நடத்தியவர் என்பதையும், அதற்கு முன்பு நெடுங்காலம் மனத்துயரில் வாடியவர் என்பதையும் அறிந்தவர்கள் சிலரே.

நான்காம் இன்னசென்ட், ஐந்தாம் அதிரியான் எனும் இரு பாப்பரசர்களைத் திருச்சபைக்கு அளித்த பியெஸ்கி குடும்பத்தில் 1447ஆம் ஆண்டு கத்தரீன் பிறந்தார். பதின்மூன்றாம் வயதில் கன்னியர் மடத்தில் சேர விரும்பினார். வயது போதாதென்று மறுத்துவிட்டார்கள். பதினாறாம் வயதில், பகைத்திருந்த இரு குடும்பங்களை ஒன்றுசேர்க்கும் நோக்குடன், ஜூலியானோ அதோர்னோ என்பவருக்கு அவரை மணமுடித்துக் கொடுத்தார்கள். பெண்ணின் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை.

கணவரோ ஊதாரி, கோபக்காரர், மனைவிக்குத் துரோகம் செய்தவர். முதல் ஐந்து ஆண்டுகள் கத்தரீன் வீட்டுக்குள்ளேயே அடைபட்டுத் தனிமையில் கண்ணீர் வடித்தார். அடுத்த ஐந்து ஆண்டுகள் உறவினரின் புத்திமதிப்படி விருந்துகளிலும் களியாட்டங்களிலும் ஆறுதல் தேடினார். மனப்பாரம் குறையவில்லை. 1473ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், தம்மை மூன்று மாதம் நோயாளியாகப் படுக்கையில் கிடத்தும்படி கடவுளிடம் மன்றாடுமளவுக்கு அவருடைய சோர்வு முற்றியிருந்தது. மனம் களைத்தவர்கள், உடலுக்கு ஒரு நோய் வந்தாலாவது ஓய்வு கிடைக்காதா என்று ஏங்குவதை நீங்களும் கண்டிருக்கலாம். புனிதையும் அந்த இருளைக் கடந்தவரே.

அந்த நாட்களில்தான், பாவசங்கீர்த்தனத்துக்காக முழந்தாட்படியிட்ட வேளையில், இறைவனின் அன்பு அவர் உள்ளத்தை ஆட்கொண்டது. அன்றிலிருந்து நகரின் ஏழைப் பிணியாளரைத் தேடிச் சென்று, புண்களைக் கழுவி, அழுக்கேறிய துணிகளைத் தம் வீட்டுக்குக் கொண்டுவந்து துவைத்துக் கொடுத்தார். செல்வத்தை இழந்த ஜூலியானோவும் மனந்திரும்பிப் பிரான்சிஸ்கன் மூன்றாம் சபையில் சேர்ந்தார். 1479ஆம் ஆண்டளவில் இருவரும் ஜெனோவாவின் மிகப்பெரிய வைத்தியசாலையான பம்மத்தோனேயிலேயே குடியேறி, ஊதியமின்றித் தொண்டாற்றினர்.

1490ஆம் ஆண்டில் அவ்வைத்தியசாலையின் நிர்வாகத் தலைமை கத்தரீனிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒரு பெண்ணின் கையில் அவ்வளவு பெரிய பொறுப்பு! செபத்தில் ஆழ்ந்து தம்மை மறப்பவர் என்று பெயர் பெற்றிருந்தும், கணக்கில் ஒரு காசுகூடக் குறையாமல் நிர்வகித்தார் என்று அவரது சரித்திரம் கூறுகின்றது.

1493ஆம் ஆண்டில் ஜெனோவாவைக் கொள்ளைநோய் தாக்கியது. வசதி படைத்தவர்கள் நகரை விட்டு ஓடினர். எஞ்சியவர்களில் ஐந்தில் நான்கு பங்கினர் மாண்டனர் என்று கூறப்படுகின்றது. வைத்தியசாலை நிரம்பி வழிந்தது. கத்தரீன் அதன் பின்புறத்து வெளியில் கப்பற் பாய்த் துணிகளால் கூடாரங்கள் அமைப்பித்து, நோயாளரைக் காற்றோட்டமான இடத்தில் கிடத்தினார். வைத்தியர், தாதியர், குருமார் யாவரையும் ஒழுங்குபடுத்தி இரவுபகலாக நின்றார்.

ஒரு நாள், மரணத்தறுவாயில் கிடந்த ஒரு பெண் இயேசுவின் நாமத்தை உச்சரிக்க முயன்றும் முடியாது தவித்தாள். அதைக் கண்ட கத்தரீன் அன்பு மேலீட்டால் அவள் வாயை முத்தமிட்டார். நோய் அவரையும் பற்றியது. மரணத்தின் வாசல்வரை சென்று மீண்டு, திரும்பவும் பணிக்கு வந்தார். அந்நாட்களில் அவருடன் பழகிய எத்தோரே வெர்னாத்சா என்னும் இளைஞர், பிற்காலத்தில் தீராப் பிணியாளருக்கு இல்லங்கள் அமைத்தார். 1524ஆம் ஆண்டு, மற்றொரு கொள்ளைநோயின்போது நோயாளருக்குத் தொண்டு செய்கையிலேயே உயிர்நீத்தார்.

ஆனால் அன்பான வாசகரே, கத்தரீனின் உடல் இரும்பால் ஆனதல்ல. 1496ஆம் ஆண்டில் உடல்நலம் குன்றவே, தலைமைப் பதவியை விட்டு விலகினார். பலம் குறைந்ததை மறைக்கவில்லை. பொறுப்பைப் பிறரிடம் ஒப்படைப்பதைத் தோல்வியாக எண்ணவுமில்லை. 1497இல் இறந்த கணவரை அவரது கடும் நோயில் பொறுமையுடன் பராமரித்தார். கணவருக்கு வேறொருத்தியிடம் பிறந்த மகளையும் வெறுக்காது ஆதரித்தார். ஏறத்தாழ 25 ஆண்டுகள் ஆன்ம வழிகாட்டி எவருமின்றி நடந்தவர், 1499இல் கத்தனேயோ மரபொத்தோ என்னும் குருவானவரிடம் தம் உள்ளத்தைத் திறந்து ஆறுதல் பெற்றார். 1737ஆம் ஆண்டு பாப்பரசர் பன்னிரண்டாம் கிளமெந்து அவரைப் புனிதையாக உயர்த்தினார். பாப்பரசர் பன்னிரண்டாம் பயஸ் இத்தாலிய வைத்தியசாலைகளின் பாதுகாவலியாக அறிவித்தார்.

2020ஆம் ஆண்டில் கொவிட் கொள்ளைநோய் அதே வட இத்தாலியைத்தான் ஐரோப்பாவில் முதன்முதலாகக் கடுமையாகத் தாக்கியது. உலகில் சுகாதாரப் பணியாளரில் 100க்கு ஏறத்தாழ 70 பேர் பெண்கள். அந்நாட்களில் சீனாவிலும் இத்தாலியிலும் நடந்த ஆய்வுகளில், மனச்சோர்வும் பதற்றமும் உறக்கமின்மையும் பெண்களையும் தாதியரையும் அதிகமாக வாட்டியதாகத் தெரியவந்தது. காரணம் விளங்காததல்ல. படுக்கையருகே நெடுநேரம் நிற்பவர்கள் அவர்கள். வீட்டுக்குத் திரும்பினால் அடுப்பும் பிள்ளைகளும் காத்திருக்கும். தம்மால் வீட்டாருக்கு நோய் தொற்றுமோ என்ற பயம் வேறு.

உங்கள் குடும்பத்திலும் ஒரு தாதி இருக்கலாம். மகளோ, மருமகளோ, தங்கையோ இரவுக் கடமை முடிந்து வரும்போது தேநீரை நீங்கள் தயாரித்து வையுங்கள். அவள் பேசினால் செவிகொடுங்கள், பேசாதிருந்தால் வற்புறுத்தாதீர்கள். உறக்கமிழந்து, காரணமின்றி அழுது, எதிலும் பற்றற்றிருந்தால், விசுவாசக் குறைவென்று கடிந்துகொள்ளாமல் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். சேவை செய்பவளைத் தியாகி என்று புகழ்ந்துவிட்டு, அவள் சுமையில் ஒரு விரலையும் வைக்காதிருப்பது கிறிஸ்தவ அன்பாகாது.

இன்றைய குடும்பச் செபமாலையில் நோயாளருக்காக மன்றாடும்போது, அவர்களைப் பராமரிப்போரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கண்ணீரையும் களைப்பையும் அறிந்த புனித கத்தரீனம்மாள் அவர்களுக்காகப் பரிந்து பேசுவாராக.