வில் கீத் கெல்லாக் சரித்திரச் சுருக்கம்

ஊக்கம் ஒருவரை உயர்த்தும். உடன்பிறந்தாரோடு பொருந்தா மனமோ அவ்வுயர்வின் இன்பத்தைக் கெடுக்கும். இவ்விரண்டிற்கும் அமெரிக்க வணிகராகிய வில் கீத் கெல்லாக் என்பாரது வாழ்க்கை தக்க சான்றாதலின், அதனை ஈண்டுச் சுருக்கி உரைக்கப் புகுகின்றோம்.

இவர் 1860-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள் மிச்சிகன் மாகாணத்துப் பேட்டில் கிரீக் நகரில் பிறந்தார். தந்தையார் துடைப்பத் தொழிற்சாலை நடத்தியவர். வில் இளமையிலேயே படிப்பை விடுத்துத் துடைப்பம் விற்கப் புகுந்தார். தமையனார் ஜான் ஹார்வியோ பெயர்பெற்ற மருத்துவராகி, அந்நகரில் பெரியதோர் ஆரோக்கிய நிலையத்தை நடத்திவந்தார். அங்கே வில் ஏறக்குறைய 25 ஆண்டுகள் கணக்கராகவும் ஏவலராகவும் உழைத்தார். தமையனார் மிதிவண்டியிற் செல்ல, இவர் அருகே ஓடியவாறு அவர் சொல்வனவற்றைக் குறித்துக்கொள்வாராம். இகழ்ந்தவர் அண்ணனேயாயினும் இகழ்ச்சி நெஞ்சைச் சுடாதோ?

1894-இல் அவ்விருவரும் நோயாளருக்கேற்ற உணவு ஆராயுங்கால், வேகவைத்து நெடுநேரம் கிடந்த கோதுமை, உருளைகளிடையே நசுங்கி மெல்லிய அவல்போல் உதிர்ந்தது. தமையனார் அதனை நோயாளர்க்குரிய பத்திய உணவென மதித்தார். தம்பியாரோ ஊரார் அனைவர்க்கும் உரிய காலையுணவெனக் கண்டார். அந்நிலையத்தில் நோயாளராகத் தங்கிய போஸ்ட் என்பவர் இத்தகைய உணவுகளை விற்றுப் பெருஞ்செல்வரானதைக் கண்டும் வில் நெடுங்காலம் அடங்கியிருந்தார். முடிவில் 1906-இல் மக்காச்சோள அவல் செய்யும் கம்பெனியொன்றை நிறுவினார். பெட்டிதோறும் தம் கையொப்பத்தை அச்சிட்டார். விளம்பரத்திற்குப் பெரும்பொருள் செலவிட்டார்.

தொழில் வளர வளரப் பகையும் வளர்ந்தது. கெல்லாக் என்னும் குடிப்பெயரை வாணிகத்தில் வழங்கும் உரிமை யாருக்கென்று சகோதரர் இருவரும் வழக்காடினர். 1920-இல் மாகாணத் தலைமை நீதிமன்றம் தம்பியார்க்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. வழக்குத் தீர்ந்தும் மனம் ஒன்றவில்லை. கடுமையும் இறுக்கமும் இவர்க்கு இயல்பாயின. மகனாரோடும் கருத்து வேறுபட, அவரும் 1925-இல் கம்பெனியை விட்டகன்றார்.

ஆயினும் இவரது ஈகையை நாம் மறத்தல் தகாது. குழந்தைகளின் நலங்கருதி 1930-இல் அறநிலையம் ஒன்று அமைத்து, 1934-இல் 6 கோடியே 60 இலட்சம் டாலருக்கு மேற்பட்ட பங்குகளை அதற்கு வழங்கினார்.

1943-இல் முதுமையுற்ற தமையனார், தாம் தவறிழைத்ததை ஒப்புக்கொண்டு தம்பியார்க்கு நீண்ட கடிதம் எழுதினார். அது தம் தலைவர்க்கு இழிவாகுமென எண்ணிய காரியதரிசி அதனை அனுப்பாது வைத்துவிட்டார். அவ்வாண்டு டிசம்பரிலேயே தமையனார் மறைந்தார். கடிதம் வில்லின் கையை அடைந்தது 1948-இல். அதற்குள் அவர் கண்ணொளியையும் இழந்திருந்தார். 1951-ஆம் ஆண்டு அக்டோபர் 6-ஆம் நாள் தமது 91-ஆம் வயதில் காலமானார்.

அன்பர்காள்! கூட்டாகத் தொழில் செய்யும் குடும்பங்கள் நம்மிடையேயும் பலவுள. மனத்தாங்கல் உண்டாயின், அதனைக் கடிதத்திற்கும் காரியதரிசிக்கும் விடாது, இருவரும் உயிரோடிருக்கும்போதே நேரிற் சென்று பேசித் தீர்த்துக்கொள்வோமாக.