இரட்டைக் கோபுரத்துக்குக் கல் நாட்டிய மன்னர்

நால்வடி கிருஷ்ணராஜ உடையாரின் வாழ்க்கை

(நமது கோபிநத்தம் நிருபர்)

மைசூருக்குச் சுற்றுலா போகிறவர்கள் அரண்மனையையும் சாமுண்டி மலையையும் பார்த்துவிட்டு, தவறாமல் போகும் இன்னொரு இடம் புனித பிலோமினா தேவாலயம். அசோகா சாலையில் இருக்கிறது. அதன் இரட்டைக் கோபுரங்களின் உயரம் 175 அடி. நகரத்துக்குள் நுழையும்போதே தூரத்தில் தெரியும். கொள்ளேகால் பக்கத்தில் இருக்கும் மார்ட்டள்ளி முதலிய ஊர்களின் கத்தோலிக்கத் தமிழர்களுக்கு அதுதான் மறைமாவட்டத் தலைமைக் கோவில்.

அந்தக் கோபுரங்களுக்கு அஸ்திவாரக் கல் நாட்டியவர் ஒரு பிஷப் அல்ல. வெள்ளைக்காரக் கவர்னரும் அல்ல. சாமுண்டீஸ்வரியைக் குலதெய்வமாகக் கும்பிட்டு வந்த ஓர் இந்து மன்னர். அவர்தான் நால்வடி கிருஷ்ணராஜ உடையார். நால்வடி என்றால் கன்னடத்தில் நான்காவது என்று பொருள்.

10 வயதில் பட்டம்

நால்வடி கிருஷ்ணராஜ உடையார் 1884-ம் ஆண்டு ஜூன் 4-ந் தேதி மைசூரில் பிறந்தார். தந்தை சாமராஜேந்திர உடையார். தாயார் மகாராணி கெம்பநஞ்சம்மணி. வாணி விலாஸ் என்ற பெயரில் பெங்களூரில் உள்ள பெரிய ஆஸ்பத்திரி இந்த அம்மையாரின் நினைவாக அமைந்ததுதான்.

1894-ம் ஆண்டு டிசம்பரில் கல்கத்தாவுக்குப் போன சாமராஜேந்திர உடையார் தொண்டை அடைப்பான் நோய் கண்டு அங்கேயே காலமானார். அப்போது மகனுக்கு வயது 10. மறு ஆண்டு சிறுவனுக்குப் பட்டம் கட்டினார்கள். ஆட்சிப் பொறுப்பைத் தாயார் ஏற்றுக்கொண்டார். 7 ஆண்டுகளுக்கு மேல் அந்த அம்மையாரே ராஜ்யத்தைக் கவனித்தார். இளம் மன்னர் ஸ்டூவர்ட் பிரேசர் என்ற ஆங்கிலேயரிடம் பாடம் படித்தார்.

1897-ல் மன்னரின் சகோதரி திருமணத்தின்போது பழைய மர அரண்மனை தீப்பிடித்து எரிந்தது. இப்போது நாம் பார்க்கும் அரண்மனை அதற்குப் பிறகு கட்டப்பட்டது. 1912-ல் வேலை முடிந்தது. அதற்குப் படம் போட்டுக் கொடுத்தவர் ஹென்றி இர்வின். சென்னை எழும்பூர் ரெயில் நிலையத்துக்கு வரைபடம் தயாரித்தவரும் இவரே.

1902-ம் ஆண்டு ஆகஸ்டு 8-ந் தேதி வைசிராய் கர்சன் பிரபு மைசூருக்கு வந்து, 18 வயது மன்னரிடம் முழு அதிகாரத்தையும் ஒப்படைத்தார்.

தங்கச் சுரங்கத்துக்கு மின்சாரம்

அதே 1902-ல்தான் சிவசமுத்திரம் நீர்வீழ்ச்சியில் எடுத்த மின்சாரம் 92 மைல் தூரம் கம்பி வழியாகக் கோலார் தங்கவயலுக்குப் போயிற்று. அந்தச் சுரங்கங்களில் உயிரைப் பணயம் வைத்து உழைத்தவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம் பக்கத்திலிருந்து போன தமிழர்கள். 1905-ல் பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது.

1911-ல் பெங்களூரில் இந்திய விஞ்ஞானக் கழகம் தொடங்கியது. டாட்டாவின் திட்டம் அது. அதற்கு 371 ஏக்கர் நிலம் கொடுத்தது மைசூர் அரசு. 1913-ல் மைசூர் வங்கியும் 1916-ல் மைசூர் பல்கலைக் கழகமும் 1923-ல் பத்ராவதி இரும்பாலையும் வந்தன. சந்தன எண்ணெய் ஆலை, சோப்பு ஆலை எல்லாம் அவர் காலத்தவைதான். சாமராஜநகர் வரை ரெயில் பாதை போட்டதும் அவர் ஆட்சியில்தான்.

கண்ணம்பாடி அணை கட்டும் வேலை 1911-ல் ஆரம்பமாயிற்று. முதலில் தலைமை என்ஜினீயராக இருந்து, 1912-ல் திவான் ஆன விஸ்வேஸ்வரையா அதை முன்நின்று நடத்தினார். மன்னரின் பெயரையே அணைக்கு வைத்தார்கள். கிருஷ்ணராஜ சாகர் என்பது அந்தப் பெயர்தான்.

திவானா, ஏழை ஜனங்களா?

இத்தனையும் செய்து கொடுத்த திவானையே மன்னர் இழக்க வேண்டிய நிலை 1918-ல் வந்தது.

அந்தக் காலத்தில் மைசூர் அரசாங்க உத்தியோகங்களில் பெரும்பாலானவை ஒரே வகுப்பாரிடம் இருந்தன. ஒக்கலிகர், லிங்காயத்து, முஸ்லிம் தலைவர்கள் மன்னரிடம் முறையிட்டார்கள். அவர்கள் குறையை ஆராய 1918-ல் தலைமை நீதிபதி லெஸ்லி மில்லர் தலைமையில் மன்னர் ஒரு குழுவை அமைத்தார்.

திறமையை மட்டுமே பார்க்க வேண்டும் என்பது விஸ்வேஸ்வரையாவின் கருத்து. வகுப்பைப் பார்த்து வேலை கொடுத்தால் நிர்வாகம் கெட்டுவிடும் என்று அவர் அஞ்சினார். படிப்பதற்கே வழியில்லாதவன் திறமையை எங்கே போய்க் காட்டுவான் என்பது மற்றவர்களின் கேள்வி. மன்னர் குழுவைக் கலைக்கவில்லை. விஸ்வேஸ்வரையா அந்த ஆண்டிலேயே பதவியை விட்டு விலகினார்.

மன்னருக்கு இது லேசான காரியமாக இருந்திருக்காது. விஸ்வேஸ்வரையாவைப் போன்ற ஒரு திவான் மறுபடி கிடைப்பது அரிது. ஆனால் அவர்மேல் மன்னருக்கு மதிப்புக் குறையவில்லை. பிறகும் பல பொறுப்புகளை அவரிடம் கொடுத்தார்.

மில்லர் குழு 1919-ல் அறிக்கை தந்தது. 7 ஆண்டுகளுக்குள் உயர்ந்த பதவிகளில் பாதியும், கீழ்ப் பதவிகளில் மூன்றில் இரண்டு பங்கும் பின்தங்கிய வகுப்பாருக்குக் கிடைக்க வேண்டும் என்று சிபாரிசு செய்தது. அரசு அதை ஏற்று நடவடிக்கை எடுத்தது. சென்னை மாகாணத்தில் நீதிக்கட்சி ஆட்சி வகுப்புவாரி உத்தரவைப் போட்டது 1921-ல் என்பது இங்கே குறிப்பிடத்தக்கது.

முஸ்லிம் திவான்

1926-ல் மன்னர் மிர்சா இஸ்மாயிலைத் திவானாக நியமித்தார். மிர்சா, மன்னருடன் கூடப் படித்தவர். அவருடைய அந்தரங்கச் செயலாளராகவும் இருந்தவர். இந்து மன்னருக்கு முஸ்லிம் திவானா என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. மன்னர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

1928-ல் சோதனை வந்தது. பெங்களூர் சுல்தான்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்த பிள்ளையார் சிலை விஷயமாகத் தகராறு மூண்டு, இந்து – முஸ்லிம் கலவரமாக மாறியது. திவானைக் குறை கூறிப் பத்திரிகைகள் எழுதின. மன்னர் விசாரணைக் குழு ஒன்றை அமைத்தார். அதற்குத் தலைவராக விஸ்வேஸ்வரையாவையே அழைத்தார். மிர்சா இஸ்மாயில் திவானாகவே நீடித்தார். மன்னர் காலமாகும் வரை அவர்தான் திவான்.

இந்தக் கலவரத்துக்கு 5 ஆண்டு கழித்துத்தான் பிலோமினா தேவாலயத்துக்குக் கல் நாட்டு விழா வந்தது. மத விஷயம் என்றாலே ஒதுங்கிப் போவதுதான் நல்லது என்று ஒரு மன்னர் நினைக்கக்கூடிய நேரம் அது.

கல் நாட்டு விழா

அந்த இடத்தில் முன்பே ஒரு சிறிய தேவாலயம் இருந்தது. இவருடைய முன்னோரான மும்மடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில், 1843-ல் கட்டப்பட்டது அது. எனவே தேவாலயத்துக்கு இடம் கொடுத்து ஆதரிப்பது அந்த வம்சத்துக்குப் புதிது அல்ல.

மன்னரின் செயலாளராக இருந்த தம்பு செட்டி கத்தோலிக்கக் கிறிஸ்தவர். புனித பிலோமினாவின் திருப்பண்டம் 1926-ல் போப்பாண்டவரின் பிரதிநிதியான பீட்டர் பிசானி வழியாக அவருக்குக் கிடைத்தது. அவர் அதைப் பாதிரியார் கோஷேயிடம் கொடுத்தார். அந்தப் புனிதையின் பெயரில் பெரிய கோவில் ஒன்று கட்ட வேண்டும் என்று பாதிரியார் மன்னரை அணுகினார். மன்னர் சம்மதித்தார்.

1933-ம் ஆண்டு அக்டோபர் 28-ந் தேதி மன்னரே வந்து அஸ்திவாரக் கல்லை நாட்டினார். கடவுளின் கருணை, மனிதர்களின் நன்றி ஆகிய இரண்டையும் அஸ்திவாரமாகக் கொண்டு இந்தக் கோவில் உறுதியாக எழும் என்ற கருத்தில் அவர் அன்று பேசினார்.

டேலி என்ற பிரெஞ்சுக்காரர் கட்டடத்துக்கு அமைப்பு வரைந்தார். ஜெர்மனியின் கொலோன் பேராலயத்தைப் பார்த்து அமைத்தது என்று சொல்வார்கள். அமெரிக்காவில் நியூயார்க் நகரில் உள்ள புனித பேட்ரிக் பேராலயத்தின் கோபுரங்களையும் இது நினைவூட்டும். மேலிருந்து பார்த்தால் கட்டடம் சிலுவை வடிவில் இருக்கும். உள்ளே சுமார் 800 பேர் உட்காரலாம். பீடத்துக்குக் கீழே நிலவறையில் புனிதையின் சொரூபம் இருக்கிறது. வண்ணக் கண்ணாடிகளில் ஏசுநாதரின் வாழ்க்கைக் காட்சிகள் தீட்டப்பட்டிருக்கின்றன.

உயரத்தில் இதைவிடப் பெரிய கோவில்கள் உலகத்தில் எத்தனையோ உண்டு. நியூயார்க் பேட்ரிக் பேராலயத்தின் கோபுரம் 330 அடி. பிரேசில் நாட்டு மரிங்கா நகரில் 1972-ல் முடிந்த பேராலயம் சிலுவையோடு சேர்த்து 124 மீட்டர், அதாவது 400 அடிக்கு மேல். கிறிஸ்தவர்கள் பெருவாரியாக வாழும் நாடுகளில் கிறிஸ்தவர்கள் கட்டிக்கொண்டவை அவை. மைசூரில் கிறிஸ்தவர்கள் சிறு தொகையினர். வேறு மதத்து அரசர் ஒருவர் கல் நாட்டி, தம் தலைநகரில் தம் அரண்மனைக்கும் கோவிலுக்கும் எதிரே இவ்வளவு உயரமாக எழும்பட்டும் என்று விட்டதுதான் மைசூர்க் கோபுரத்தின் பெருமை.

பக்தியும் இசையும்

இவ்வளவும் செய்த மன்னர் தம் சமயத்தில் பற்றுக் குறைந்தவர் அல்ல. நாள் தவறாமல் பூஜை செய்வார். 1931-ல் இமயமலையைக் கடந்து கைலாசத்துக்கும் மானசரோவருக்கும் யாத்திரை போய்வந்தார். அவருடைய வாழ்க்கை முறையைக் கண்டு காந்தியடிகள் அவரை ராஜரிஷி என்று போற்றினார். 1927-ல் காந்தியடிகள் உடல்நலம் குன்றி நந்திமலையில் ஓய்வெடுத்தபோது விருந்தினராக வைத்துக் கவனித்துக்கொண்டது மைசூர் அரசு.

மன்னருக்கு இசை உயிர். வீணை, வயலின், புல்லாங்குழல் முதலிய வாத்தியங்களைத் தாமே வாசிப்பார். வீணை சேஷண்ணா, வாசுதேவாச்சார் போன்ற மேதைகள் அவருடைய சமஸ்தானத்தில் இருந்தார்கள். திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த அரிகேசநல்லூர் முத்தையா பாகவதரையும் சமஸ்தான வித்துவான் ஆக்கினார். பாகவதர் சாமுண்டாம்பாள் மேல் 108 கீர்த்தனைகள் இயற்றியது மைசூரில்தான்.

குறை இல்லாத ஆட்சி அல்ல. மக்களுக்குப் பொறுப்பான ஆட்சி வேண்டும் என்று காங்கிரஸ் கிளர்ச்சி செய்தபோது, 1938 ஏப்ரலில் விதுராசுவத்தத்தில் போலீசார் கூட்டத்தின் மீது சுட்டனர். பலர் உயிர் இழந்தனர். அந்த ஆட்சியின் மீது படிந்த கறை அது. பிறகு காங்கிரசுடன் சமரசம் ஏற்பட்டது.

மறைவு

1940 மார்ச்சில் மன்னரின் தம்பி யுவராஜா நரசிம்மராஜ உடையார் பம்பாயில் காலமானார். அதற்குப் பின் ஐந்தே மாதத்தில், 1940 ஆகஸ்டு 3-ந் தேதி பெங்களூர் அரண்மனையில் மன்னரும் காலமானார். வயது 56. அவருக்குப் பிள்ளைகள் இல்லை. தம்பி மகன் ஜெயசாமராஜ உடையார் பட்டத்துக்கு வந்தார். அவரே 1964 முதல் 1966 வரை சென்னை மாகாண கவர்னராக இருந்தவர்.

நம் கோபிநத்தம் அந்த மன்னரின் ராஜ்யத்தில் இருந்த ஊர் அல்ல. கொள்ளேகால் தாலுகா அப்போது சென்னை மாகாணத்துக் கோவை ஜில்லாவைச் சேர்ந்தது. 1956 நவம்பர் 1-ந் தேதிதான் மைசூர் ராஜ்யத்தோடு சேர்ந்தது. ஊர் இருந்த இடத்திலேயே இருந்தது. எல்லைக்கோடு மட்டும் மாறியது. இன்று அது சாமராஜநகர் மாவட்டம்.

அந்த மன்னர் ஆட்சியில், 1924-ல், மைசூரும் சென்னையும் காவிரி நீருக்கு ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன் பயனாக மேலே கண்ணம்பாடியும், கீழே 1934-ல் மேட்டூரும் எழுந்தன. இரண்டு அணைக்கும் நடுவில் இருக்கிறது கோபிநத்தம். அந்த ஆற்றின் பெயரால் பின்னாளில் கசப்பும் கலவரமும் வந்தன. 1991-ல் வீடு வாசலை விட்டு ஓடிய தமிழ்க் குடும்பங்கள் அதை மறந்திருக்க மாட்டார்கள்.

அடுத்தவன் எந்தச் சாமியைக் கும்பிடுகிறான், என்ன வகுப்பு, எந்த ஊரான் என்று பார்த்து ஒதுக்காத ஓர் ஆட்சி இதே மண்ணில் நடந்தது. அதை இங்கே வாழும் நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். அடுத்த முறை மைசூருக்குக் கூட்டிப் போகிற பெற்றோர், அரண்மனை விளக்குகளைக் காட்டுவதோடு திரும்பிவிடாமல், பிலோமினா கோவிலுக்கும் அழைத்துப் போய், அதற்குக் கல் நாட்டியவர் யார் என்பதையும் சொல்லட்டும்.